தடையா, காப்பா? நரம்பு மண்டலக் காயத்திற்கு நியூரோகிளியா செல்கள் ஆற்றும் எதிர்வினை

ஆய்வுச்சுருக்கம்

மூளையோ தண்டுவடமோ காயமுறும்போது, நரம்புச்செல்களுக்குத் துணையாக அமைந்த நியூரோகிளியா செல்கள் தம் வடிவத்தையும் செயலையும் மாற்றிக்கொள்கின்றன. இம்மாற்றத்தின் முடிவில் தோன்றும் கிளியா தழும்பு, அறுபட்ட ஆக்சான்கள் மீண்டும் வளர்வதைத் தடுக்கும் சுவர் என்று பல பத்தாண்டுகளாகக் கருதப்பட்டது. 1999 முதல் வெளிவந்த சோதனைகள் இக்கருத்தைப் பெரிதும் திருத்தியுள்ளன. காயத்தின் விளிம்பை வளைத்துக்கொள்ளும் ஆஸ்ட்ரோசைட்டுகள் எஞ்சிய திசுவைக் காக்கின்றன என்பதும், அவற்றை அகற்றுவதால் மட்டும் மறுவளர்ச்சி நிகழ்வதில்லை என்பதும் சுண்டெலிகளில் நிறுவப்பட்டுள்ளன. இவ்வெதிர்வினையின் படிநிலைகளையும், அதைப் பற்றிய கருத்து மாறிய வரலாற்றையும், தமிழில் அதற்குரிய கலைச்சொற்களைத் தேர்வதில் உள்ள சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நியூரோகிளியா, ஆஸ்ட்ரோசைட், மைக்ரோகிளியா, ஸ்வான் செல், கிளியா தழும்பு, தண்டுவடக் காயம், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

விரலில் ஓடும் நரம்பு அறுபட்டால், அதன் முனைகளைச் சேர்த்துத் தைத்தபின் சில மாதங்களில் உணர்ச்சி ஓரளவேனும் திரும்புவதுண்டு. தண்டுவடத்திற்குள் அறுபட்ட நரம்பிழைகள் அவ்வாறு வளர்ந்து தம் இலக்கை அடைவதில்லை. இவ்வேறுபாட்டை உணர்வு நரம்புச்செல்லைக் கொண்டு தெளிவாகக் காணலாம். தண்டுவடத்தை ஒட்டிய நரம்புமுடிச்சில் இருக்கும் இச்செல்லின் ஆக்சான் இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை தோலையும் தசையையும் நோக்கிச் செல்கிறது. மற்றொன்று தண்டுவடத்திற்குள் நுழைகிறது. முதற்கிளை அறுபட்டால் மீண்டும் வளர்கிறது. இரண்டாம் கிளை தண்டுவடத்திற்குள் அறுபட்டால் அதன் வளர்ச்சி காயத்தருகிலேயே நின்றுவிடுகிறது.

செல் ஒன்றே, அதன் மரபணுக்களும் அவையே. எனவே வேறுபாட்டின் காரணத்தில் ஒரு பகுதியேனும் கிளைகளைச் சூழ்ந்துள்ள செல்களில் இருத்தல் வேண்டும். புற நரம்பில் அக்கிளையைச் சூழ்ந்திருப்பவை ஸ்வான் செல்கள். தண்டுவடத்தில் அதைச் சூழ்ந்திருப்பவை ஆஸ்ட்ரோசைட்டுகள், ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள், மைக்ரோகிளியா ஆகியவை. இவை அனைத்தும் நியூரோகிளியா என்னும் பொதுப்பெயரால் வழங்கப்படுகின்றன. காயத்தின்போது இச்செல்கள் செய்வது என்ன, அச்செயல் தடையா காப்பா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

நியூரோகிளியா: பெயரும் பணியும்

நியூரோகிளியா என்னும் பெயரை 1856இல் வழங்கியவர் ஜெர்மானிய நோய்க்குறியியல் அறிஞர் ருடால்ஃப் ஃபிர்ஹோ. ‘கிளியா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்று பொருள். நரம்புச்செல்களை ஒட்டவைத்திருக்கும் இடைநிரப்புப் பொருளாகவே அவர் இதனைக் கருதினார். மைக்ரோகிளியாவைத் தனிவகைச் செல்லாக 1919இல் வரையறுத்தவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ தெல் ரியோ ஓர்த்தேகா. பசை என்னும் பெயரோ, அது குறித்த செயலற்ற தன்மை பற்றிய எண்ணமோ அதன்பின்னும் நெடுங்காலம் நீடித்தன.

மனித மூளையில் நரம்புச்செல்களைவிடக் கிளியா செல்கள் பத்து மடங்கு மிகுதி என்னும் கூற்றும் பாடநூல்களில் பரவியிருந்தது. 2009இல் பிரேசில் ஆய்வாளர்கள் செல்கருக்களை எண்ணும் புதிய முறையால் இதனைச் சோதித்தனர். சராசரியாக 8,600 கோடி நரம்புச்செல்களும், ஏறத்தாழ அதே அளவில் 8,500 கோடி பிற செல்களும் உள்ளன என்று அவர்கள் கணித்தனர்.

நலமான நிலையில் இச்செல்களின் பணிகள் தெளிவாகப் பிரிந்துள்ளன. ஆஸ்ட்ரோசைட்டுகள் நரம்புச்செல்கள் வெளியிடும் குளுட்டமேட்டையும் பொட்டாசியம் அயனிகளையும் உள்வாங்கிச் சூழலைச் சமநிலையில் வைக்கின்றன. இரத்தக்குழாய்களைத் தம் நீட்சிகளால் போர்த்தி இரத்த–மூளைத் தடைக்கு வலுவூட்டுகின்றன. ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள் மைய நரம்பு மண்டலத்திலும் ஸ்வான் செல்கள் புற நரம்பு மண்டலத்திலும் ஆக்சான்களுக்கு மையலின் உறையிடுகின்றன. மைக்ரோகிளியா நோய் எதிர்ப்புப் பணியைச் செய்கின்றன. கருவின் தொடக்கநிலையில் கருவுணவுப்பையில் தோன்றி மூளைக்குள் குடியேறுவதால், இவை தோற்றத்தில் ஏனைய கிளியா செல்களிலிருந்து வேறுபட்டவை.

புற நரம்பில் ஸ்வான் செல்களின் எதிர்வினை

அறுபட்ட நரம்பின் தொலைவுப் பகுதி சிதைவதை 1850இல் தவளையின் நாக்கு நரம்புகளில் கண்டு விளக்கியவர் அகஸ்டஸ் வாலர். செல்லுடலிலிருந்து துண்டிக்கப்பட்ட ஆக்சான் சிதைவதை இன்றும் வாலரியச் சிதைவு என்றே குறிப்பிடுகின்றனர். இச்சிதைவு ஸ்வான் செல்களுக்கு ஓர் அழைப்பாக அமைகிறது. அவை மையலின் உருவாக்கத்தை நிறுத்திப் பழுதுநீக்கும் நிலைக்கு மாறுகின்றன. சி–ஜுன் என்னும் மரபணு ஒழுங்குபடுத்தும் புரதம் இம்மாற்றத்தில் முதன்மைப் பங்கு வகிக்கிறது. அச்செல்கள் மையலின் சிதைவுகளைத் தாமும் விழுங்கி, மேக்ரோஃபேஜ் செல்களையும் வரவழைத்து அகற்றுகின்றன; வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன; நீண்டு வரிசையாக அமைந்து, வளரும் ஆக்சான் செல்வதற்குரிய தடத்தை உருவாக்குகின்றன. இத்தடத்தில் மனித ஆக்சான் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. அளவில் வளர்கிறது.

தொலைவு மிகுந்தால் இதற்கும் எல்லை உண்டு. தோளருகே அறுபட்ட நரம்பு விரல்வரை வளர ஓராண்டிற்கு மேலாகும். அதற்குள் ஸ்வான் செல்களின் பழுதுநீக்கும் திறன் குன்றிவிடுகிறது. துணைச் செல்களின் எதிர்வினை காலத்தைப் பொறுத்தது என்னும் உண்மை இங்கேயே வெளிப்படுகிறது.

மைய நரம்பு மண்டலத்தில் எதிர்வினையின் படிநிலைகள்

தண்டுவடக் காயத்திற்குப் பின் நிகழ்வனவற்றைக் கால வரிசையில் மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதற்படி நிமிடங்களில் தொடங்குகிறது. சிதைந்த செல்களிலிருந்து கசியும் ஏ.டி.பி. மூலக்கூறு அருகிலுள்ள மைக்ரோகிளியாவை எட்டுகிறது. 2005இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் உயிருள்ள சுண்டெலியின் மூளையில் லேசர் கதிரால் நுண்காயம் ஏற்படுத்தி, இரு ஒளியன் நுண்ணோக்கியால் இதனை நேரடியாகக் கண்டன. மைக்ரோகிளியா இருந்த இடத்திலிருந்தே தம் நீட்சிகளைக் காயத்தை நோக்கி நீட்டி, அரை மணி நேர அளவில் அதைச் சூழ்ந்துகொண்டன. காயமில்லாத பொழுதிலும் அந்நீட்சிகள் ஓயாமல் அசைந்து சுற்றுப்புறத்தைத் துழாவுவதும் அப்போது தெரியவந்தது. ஓய்வுநிலை மைக்ரோகிளியா என்னும் பழைய வழக்கு அதன்பின் பொருத்தமற்றதாயிற்று.

இரண்டாம் படி மணிகளிலும் நாள்களிலும் விரிகிறது. உடைந்த இரத்தக்குழாய்கள் வழியே முதலில் நியூட்ரோஃபில்களும், அடுத்துவரும் நாள்களில் மோனோசைட்டுகளும் திசுவினுள் நுழைகின்றன. மைக்ரோகிளியா பெருகுகின்றன. ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள் பெருமளவில் இறக்கின்றன. அவற்றின் முன்னோடிச் செல்கள் பெருகி, ஒரு பகுதி புதிய மையலின் உறையை உருவாக்குகின்றன. ஆயினும் சிதைந்த பழைய மையலின் எளிதில் அகல்வதில்லை. புற நரம்பில் சில வாரங்களில் முடியும் இப்பணி, மைய நரம்பு மண்டலத்தில் பல மாதங்கள், அதற்கு மேலும் நீள்கிறது.

மூன்றாம் படியில் ஆஸ்ட்ரோசைட்டுகள் முன்னிற்கின்றன. அவை பருத்து, கிளியா இழைமப் புரதத்தை, அதாவது ஜி.எஃப்.ஏ.பி. என்று வழங்கும் புரதத்தை, மிகுதியாக உற்பத்தி செய்கின்றன. காயத்தின் விளிம்பில் உள்ளவை பிளவுற்றுப் பெருகி, நீண்ட உருவம் பெற்று, ஒன்றோடொன்று பின்னி எல்லை ஒன்றை அமைக்கின்றன. சுண்டெலியில் இவ்வெல்லை ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முழுமையடைகிறது.

முதிர்ந்த காயத்தில் மூன்று வட்டாரங்கள் உள்ளன. நடுவில் நார்த்திசுச் செல்களும் மேக்ரோஃபேஜ்களும் நிறைந்த, நரம்புச்செல்கள் அற்ற மையப்பகுதி. அதனைச் சூழ்ந்து ஆஸ்ட்ரோசைட்டுகளாலான மெல்லிய எல்லை. அதற்கு அப்பால், செயல்படும் நரம்புச்செல்களுடன் எதிர்வினை நிலையில் உள்ள திசு. கிளியா தழும்பு என்னும் பழைய சொல் முதலிரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே குறித்தது. மையப்பகுதியின் நார்த்திசுவில் பெரும்பகுதி, இரத்தக்குழாய்ச் சுவரை ஒட்டிய பெரிசைட்டு வகைச் செல்களிலிருந்து தோன்றுகிறது என்பதை ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2011இல் சுண்டெலிகளில் காட்டினர். ஆகவே கிளியா தழும்பு என வழங்கியதன் ஒரு பகுதி கிளியாவால் ஆனதே அன்று.

தழும்பு ஒரு தடை என்னும் கருத்து

இக்கருத்திற்கு வலுவான சான்றுகள் இல்லாமல் இல்லை. சாந்தியாகோ ரமோன் இ கஹால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூளையிலும் தண்டுவடத்திலும் அறுபட்ட இழைகள் துளிர்விட்டு விரைவில் நின்றுவிடுவதை விரிவாக வரைந்து காட்டினார். 1981இல் கனடாவின் மொன்றியலில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ ஆகியோர் வளர்ந்த எலியின் முகுளத்தையும் தண்டுவடத்தையும் புற நரம்புத் துண்டால் பாலமிட்டு இணைத்தனர். மைய நரம்பு மண்டல ஆக்சான்கள் அப்பாலத்தினுள் ஏறத்தாழ 30 மி.மீ. தொலைவு வளர்ந்தன, மறுமுனையில் மீண்டும் மைய நரம்பு மண்டலத்தினுள் நுழைந்ததும் சிறு தொலைவிலேயே நின்றன. வளரும் ஆற்றல் அச்செல்களுக்கு உண்டு, சூழலே இடம் தரவில்லை என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

அதன்பின் தடைசெய்யும் மூலக்கூறுகளைத் தேடும் முயற்சி தொடங்கியது. மார்ட்டின் ஷ்வாபின் குழு ஒலிகோடெண்ட்ரோசைட் உருவாக்கும் மையலினில் அத்தகைய புரதங்களைக் கண்டது. நோகோ என்பது அவற்றுள் ஒன்று. தழும்புத் திசுவில் காண்ட்ராய்ட்டின் சல்பேட் புரோட்டியோகிளைக்கான்கள் மிகுந்திருப்பதும், ஆய்வுக்கலத்தில் அவை ஆக்சானின் வளர்முனையை விலக்குவதும் அறியப்பட்டன. 2002இல் லண்டன் ஆய்வாளர்கள் இம்மூலக்கூறுகளைச் சிதைக்கும் காண்ட்ராய்ட்டினேஸ் என்னும் நொதியைக் காயமுற்ற எலிகளின் தண்டுவடத்தில் செலுத்தியபோது, ஆக்சான்கள் ஓரளவு வளர்ந்தன. இயக்கத்திலும் முன்னேற்றம் தென்பட்டது.

இச்சான்றுகள் நிறுவியவை இரண்டு: காயத்தின் சூழலில் தடைசெய்யும் மூலக்கூறுகள் உள்ளன, அவற்றைச் சிதைப்பது பயன்தரக்கூடும். தழும்பைச் சூழ்ந்த ஆஸ்ட்ரோசைட்டுகளே மறுவளர்ச்சி நிகழாமைக்குக் காரணம் என்பது இவற்றிலிருந்து நேரே பெறப்படும் முடிவன்று. ஆயினும் மூலக்கூறைப் பற்றிய முடிவு செல்லின் மீது ஏற்றப்பட்டது. தழும்பை அகற்றினால் ஆக்சான் வளரும் என்னும் எதிர்பார்ப்பு அவ்வாறே உருவாயிற்று.

கருத்தைத் திருத்திய சோதனைகள்

இவ்வெதிர்பார்ப்பை நேரடியாகச் சோதிக்க ஆஸ்ட்ரோசைட்டுகளை மட்டும் நீக்கும் முறை தேவைப்பட்டது. மைக்கேல் சோஃப்ரோனியூவின் குழு, பெருகும் ஆஸ்ட்ரோசைட்டுகள் மட்டும் ஒரு மருந்தால் இறக்குமாறு மரபணு மாற்றிய சுண்டெலிகளைப் பயன்படுத்தியது. 1999இல் மூளைக் காயத்திலும் 2004இல் தண்டுவடக் காயத்திலும் கிடைத்த முடிவுகள் ஒத்திருந்தன. எல்லை அமையாத விலங்குகளில் இரத்த–மூளைத் தடை சீராகவில்லை; அழற்சிச் செல்கள் நலமான திசுவினுள் பரவின; நரம்புச்செல் இழப்பு மிகுந்தது. ஓரளவு மீளக்கூடிய தண்டுவடக் காயமும், ஆஸ்ட்ரோசைட்டுகள் இல்லாத நிலையில் நீடித்த இயக்கக் குறைபாடாக மாறியது.

எல்லை காக்கிறது என்பது இதனால் தெளிவாயினும், அது ஆக்சானையும் தடுக்கிறதா என்னும் வினா எஞ்சியது. அதற்கு 2016இல் ‘நேச்சர்’ இதழில் இதே குழுவினர் விடையளித்தனர். ஆஸ்ட்ரோசைட் எல்லை அமையாமல் தடுத்தும், அமைந்து முதிர்ந்தபின் அழித்தும் அவர்கள் பார்த்தனர். இரு நிலைகளிலும், சோதிக்கப்பட்ட மூவகை ஆக்சான்களில் எதுவும் கடுமையான காயத்தைத் தானாகக் கடந்து வளரவில்லை. மாறாக, புறக்கிளையை முன்கூட்டியே காயப்படுத்தி உணர்வு நரம்புச்செல்லின் வளர்திறனைத் தூண்டி, காயத்தினுள் ஹைட்ரோஜெல் வழியாக வளர்ச்சிக் காரணிகளையும் அளித்தபோது, அதன் ஆக்சான்கள் எல்லையையும் தடைமூலக்கூறுகளையும் கடந்து வளர்ந்தன. அதே தூண்டலை எல்லை அமையாத விலங்குகளுக்கு அளித்தபோது வளர்ச்சி குறைந்தது. வளர்ச்சிக்கு உதவும் மூலக்கூறுகளையும் ஆஸ்ட்ரோசைட்டுகள் உற்பத்தி செய்கின்றன என்பதை மரபணு வெளிப்பாட்டுப் பகுப்பாய்வு காட்டியது.

முன்னுரையில் கூறிய இரு கிளைகளின் புதிருக்கும் இதனால் விடை கூடுதலாகத் துலங்குகிறது. தடை இருப்பது மட்டுமே சிக்கலன்று. வளரத் தூண்டுவது இல்லாமையும் சிக்கலே. புறக்கிளை அறுபடும்போது நரம்புச்செல்லில் விழித்தெழும் வளர்திறன், மையக்கிளை அறுபடும்போது அதே அளவில் எழுவதில்லை. அதனைத் தூண்டிவிட்டால் ஆஸ்ட்ரோசைட் எல்லை பற்றுக்கோடாகவும் அமையக்கூடும்.

2020இல் வெளியான மற்றோர் ஆய்வு வயதின் பங்கைக் காட்டியது. பிறந்து இரண்டு நாளான சுண்டெலியின் தண்டுவடத்தை நசுக்கியபோது காயம் தழும்பின்றி ஆறியது. ஆக்சான்கள் அதனூடே வளர்ந்தன. அங்கு மைக்ரோகிளியா குறுகிய காலமே செயல்பட்டு, காயத்தின் இரு பக்கங்களையும் இணைக்கும் புறச்செல் பொருளைச் சுரந்து, பின் இயல்புநிலைக்குத் திரும்பின. அவற்றை நீக்கியபோது இந்தப் பழுதுநீக்கம் குலைந்தது. வளர்ந்த விலங்கில் நீடித்த அழற்சியோடு இணைத்துப் பேசப்படும் அதே செல்வகை, பிறந்த குட்டியில் காயத்தை ஆற்றுகிறது.

நன்மை–தீமை என்னும் இருமைப் பகுப்பு

தடை என்னும் ஒற்றைக் கருத்து தளர்ந்தபின், இருவகைப் பகுப்பு ஒன்று பரவியது. 2017இல் ஷேன் லிட்டலோ, பென் பாரஸ் முதலியோர், மைக்ரோகிளியா சுரக்கும் மூன்று மூலக்கூறுகள் சேர்ந்து ஆஸ்ட்ரோசைட்டுகளை நரம்புச்செல்களைக் கொல்லும் நிலைக்கு மாற்றுவதைக் காட்டினர். அந்நிலை ஏ1 எனப்பட்டது. காப்புத்தன்மையுடன் கருதப்பட்ட மற்றொரு நிலை ஏ2 எனப்பட்டது. ஒரு துணைச் செல்வகை மற்றொன்றின் நடத்தையை மாற்றுகிறது என்பது முதன்மையான கண்டுபிடிப்பு. ஆனால் பெயரின் எளிமை காரணமாக எல்லா நோய்களிலும் எல்லா ஆஸ்ட்ரோசைட்டுகளும் இவ்விரண்டில் ஒன்றாகப் பகுக்கப்படலாயின.

2021இல் இத்துறை அறிஞர்கள் பலர் இணைந்து ‘நேச்சர் நியூரோசயன்ஸ்’ இதழில் ஒருமித்த அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். ஏ1–ஏ2, நன்மை–தீமை போன்ற இருமைப் பகுப்புகளைக் கைவிடுமாறும், ஜி.எஃப்.ஏ.பி. என்னும் ஒற்றை அடையாளத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், பல மூலக்கூறுகளையும் செயலையும் சேர்த்து நோக்குமாறும் அது பரிந்துரைத்தது. காயத்தின் வகை, அதிலிருந்து செல் இருக்கும் தொலைவு, கடந்த காலம், மூளையின் பகுதி, வயது ஆகியவற்றால் எதிர்வினை வேறுபடுகிறது என்பதே இதன் அடிப்படை.

மருத்துவப் பொருத்தம்

இவ்விவாதம் ஆய்வகத்தோடு நிற்பதன்று. தழும்பு தடையெனில் அதை அகற்றுவதே சிகிச்சையின் இலக்காகும். அது காப்பெனில், அகற்றுவது நோயாளியிடம் எஞ்சியுள்ள இயக்கத்தையும் இழக்கச் செய்யும். தண்டுவடக் காயமுற்ற பலருக்குக் காயத்திற்குக் கீழும் சில நரம்பிழைகள் அறுபடாமல் இருக்கின்றன. அவற்றைக் காப்பதே நடைமுறையில் முதற்பயன். எனவே செல்களை விட்டுவைத்துத் தடைமூலக்கூறை மட்டும் சிதைத்தல், நரம்புச்செல்லின் வளர்திறனைத் தூண்டுதல், வளரும் ஆக்சானுக்குத் தாங்குபொருள் அளித்தல் ஆகியவற்றை இணைத்து நோக்குவதே இன்றைய சான்றுகளுக்குப் பொருந்தும் வழி. இச்சான்றுகளில் பெரும்பாலானவை எலிகளிலும் சுண்டெலிகளிலும் பெறப்பட்டவை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

எதிர்வினையின் அடையாளம் நோயறிதலில் ஏற்கெனவே பயன்படுகிறது. தலைக்காயத்தின்போது ஆஸ்ட்ரோசைட்டுகளிலிருந்து ஜி.எஃப்.ஏ.பி. இரத்தத்தில் கசிகிறது. இதனையும், நரம்புச்செல்லிலிருந்து கசியும் மற்றொரு புரதத்தையும் அளந்து, லேசான தலைக்காயமுற்ற பெரியவருக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என முடிவுசெய்ய உதவும் இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் ஒப்புதல் அளித்தது.

தமிழ்க் கலைச்சொற்கள்

பசை, தழும்பு, ஏ1 என ஒவ்வொரு பெயரும் ஆய்வின் திசையை ஓரளவு வகுத்தது என்பது மேற்கண்ட வரலாற்றால் விளங்கும். தமிழில் இத்துறையை எழுதுவோர் பெயரைத் தேரும்போது, கைவிடப்பட்ட கருத்தையும் உடன் கொண்டுவர நேரலாம். நியூரோகிளியா என்னும் ஒலிபெயர்ப்பைப் ‘பசைச் செல்’ என்று பெயர்ப்பது ஃபிர்ஹோவின் காலத்துக் கருத்தை மீட்டெடுப்பதாகும். ஒலிபெயர்ப்பே இங்கு நடுநிலையானது.

தழும்பு, வடு என்னும் இரு சொற்களிடையேயும் தேர்வு தேவைப்படுகிறது. வடு என்பதற்குத் தமிழில் தழும்பு என்பதோடு குற்றம், பழி என்னும் பொருள்களும் உண்டு. ‘கிளியா வடு’ என்னும் தொடர், தழும்பின் மீதான பழைய தீர்ப்பை அறியாமலே வழிமொழிந்துவிடும். தழும்பு என்பது காயம் ஆறியதன் அடையாளத்தையே முதன்மையாகக் குறிக்கிறது. ஆயினும் அதுவும் மையப்பகுதியையும் விளிம்பையும் பிரித்துக் காட்டாது. ஆகவே மையத்திலுள்ள நார்த்திசுவை ‘நார்த்தழும்பு’ என்றும், அதைச் சூழ்ந்த ஆஸ்ட்ரோசைட் அமைப்பைக் ‘கிளியா எல்லை’ என்றும் தனித்தனியே வழங்குவது பொருத்தமாகும். அண்மைக்கால ஆய்வுரைகளில் ‘எல்லை அமைக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள்’ என்னும் வழக்கு பரவிவருவதும் இதற்கு இயைந்ததே. வயலின் வரப்பு நீரைத் தேக்கவும் செய்கிறது, நடந்து செல்லும் வழியாகவும் அமைகிறது. எல்லை என்னும் சொல்லும் அவ்வாறே தடை, காப்பு என்னும் இரண்டில் ஒன்றை முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை.

முடிவுரை

நரம்பு மண்டலம் காயமுறும்போது துணைச் செல்கள் ஆற்றும் எதிர்வினை பல படிகளும் பல செல்வகைகளும் கொண்டது. புற நரம்பில் ஸ்வான் செல்கள் ஆக்சானுக்குத் தடம் அமைக்கின்றன. மைய நரம்பு மண்டலத்தில் மைக்ரோகிளியா காயத்தைச் சூழ்கின்றன. ஆஸ்ட்ரோசைட்டுகள் அழற்சி பரவாமல் எல்லை அமைக்கின்றன. அச்சூழலில் தடைமூலக்கூறுகள் உள்ளன என்பது உண்மை. எல்லை அமைக்கும் செல்களே மறுவளர்ச்சி நிகழாமைக்குக் காரணம் என்பது சான்றுகளால் உறுதிப்படவில்லை. ‘தடையா, காப்பா’ என்னும் வினாவிற்கு, எச்செல், எவ்விடத்தில், காயத்திற்குப் பின் எக்காலத்தில் என்னும் மூன்றையும் சேர்த்துக் கேட்டாலன்றி விடை கூற இயலாது. தமிழில் எழுதப்படும் உயிரியல் நூல்களும் கட்டுரைகளும் கிளியா எல்லையையும் நார்த்தழும்பையும் வேறுபடுத்தி வழங்குமாயின், இத்துறையில் நுழையும் மாணவர் இவ்வினாவைச் சரியான இடத்திலிருந்து தொடங்க இயலும்.